கோவென்ட்ரியில் ஒரு ஹெரால்டுக்கு பாடி கட்டினோம்!

ஜி.எஸ்.டி. சாலையிலோ சேலம் பைபாஸிலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். எஞ்சின், சக்கரம், ஸ்டீயரிங் மட்டும் உள்ள லாரி ஒன்று வெறும் எலும்புக்கூடாக ஓடிக்கொண்டிருக்கும். டிரைவர் தலையில் துண்டு கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, எதிர்க்காற்றில் உட்கார்ந்திருப்பார். கரூருக்கோ நாமக்கல்லுக்கோ பாடி கட்டப் போகிறது என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

கார் விஷயத்தில் நம் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை. இங்கிலாந்தில் உண்டு. அதற்கு ‘கிட் கார்’ என்று பெயர். துருப்பிடித்து ஓரங்கட்டப்பட்ட ஒரு பழைய காரின் சேஸிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, அதன் மேல் புதிதாக ஒரு ஃபைபர் பாடியை உட்கார வைப்பார்கள். பெரும்பாலும் 1930களின் கார் மாதிரி நீளமான பானெட்டும், தனித்தனி மட்கார்டும், தவளைக் கண் போல வெளியே நிற்கும் ஹெட்லைட்டுமாக இருக்கும். உறுப்புகளைத் தரும் பழைய காரை ‘டோனர்’ என்பார்கள். நான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வார்த்தையை தினமும் வேறு இடத்தில் கேட்பவள். ஒரு காருக்கு அதைச் சொல்லிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சொன்னவர் எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா. கோவென்ட்ரி ஃபவுண்டரி ஒன்றில் மரத்தில் பேட்டர்ன் செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அச்சு வார்ப்பதற்கு முன் மரத்தில் மாதிரி செதுக்குவார்களே, அந்த வேலை. 2016 கடைசியில் ஒரு டிரெய்லரில் கட்டி ஒரு காரை வீட்டுக்குக் கொண்டு வந்தார். 1969 மாடல் டிரையம்ப் ஹெரால்டு 13/60. டிக்கியின் தரை இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. உள்ளே கைவிட்டால் தெருவைத் தொடலாம்.

எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் அது இருக்கிறது. அப்பா பக்கத்தில் கைகட்டி நிற்கும் படம்.

சென்னையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ ஓடியதை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்பாசடர், ஃபியட்டுக்கு அடுத்து மூன்றாவதாகச் சொல்லப்பட்ட கார். 1961 முதல் வண்டலூர் - பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஃபேக்டரியில் தயாரானது. ஆரம்பத்தில் பாகங்கள் இதே கோவென்ட்ரியிலிருந்து பெட்டிகளில் கப்பலேறி வந்தன. அப்பா 1964ல் அங்கே சேர்ந்தார், பாடி பிரிவில். கதவு மாட்டுவது அவர் வேலை. கெசல் என்ற அடுத்த மாடலும் 1977ல் நின்றபிறகு அங்கிருந்து விலகி, பஸ் பாடி கட்டும் பட்டறைக்குப் போனார். கடைசிவரை அவருக்கென்று ஒரு ஹெரால்டு வாங்க முடியவில்லை. நாங்கள் வைத்திருந்தது ஒரு ஸ்கூட்டர்தான்.

2017 ஏப்ரலில் அப்பா ஆறு மாத விசாவில் எங்களிடம் வந்தார். அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. வந்த மறுநாள் காலையில், “அப்பா, எதிர்ல ஒரு ஹெரால்டு நிக்குது. பாக்குறீங்களா?” என்றேன். செருப்பைத் தேடாமல் சாக்ஸோடு தெருவைக் கடந்தார்.

ஷெட்டுக்குள் அவர் பார்த்தது காரை அல்ல. நடுவில் வெறும் சேஸிஸ். சுவரோரம் பானெட், இரண்டு கதவு, கூரை எல்லாம் தனித்தனியாகச் சாத்தி வைத்திருந்தது.

ஹெரால்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1959ல் அது வந்தபோதே மற்ற கம்பெனிகள் பாடியும் சேஸிஸும் ஒன்றாக இருக்கும் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-டிரையம்புக்கு பாடி சப்ளை செய்துவந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், இவர்கள் வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. பாடியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பல இடங்களில் செய்து, தனி சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி அமைத்தார்கள். தோற்றத்தை வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. கூரையைக்கூடக் கழற்றலாம். ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் இரண்டு நாளில் முழு பாடியும் இறங்கிவிடும். 1970களில் கிட் கார் செய்தவர்கள் ஹெரால்டை விழுந்து விழுந்து தேடியதற்குக் காரணம் இதுதான். ‘ஜென்ட்ரி’, ‘ஸ்பார்ட்டன்’ என்று பழைய எம்ஜி மாதிரியான பாடிகள் ஹெரால்டு சேஸிஸ் மேல் ஏறின. அப்படிப் போன ஹெரால்டுகள் எத்தனையோ.

தாத்தா அவற்றில் ஒன்றை வாங்கி மாட்டப் போவதில்லை. தானே ஒரு பாடியை முதலிலிருந்து உருவாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு முறை அச்சு செய்துவிட்டால் வேண்டியவர்களுக்கும் எடுத்துக் கொடுக்கலாம்.

அன்று ராத்திரி அப்பா இரண்டாவது ஈடு இட்லி கேட்கவில்லை. “பாடியக் கழட்டிப் போட்டுட்டா அப்புறம் அது என்ன ஹெரால்டும்மா?” என்றார்.

அவர் கேள்விக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு விடை இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, தாத்தாவே சொல்லிவிட்டார். மாற்றிக் கட்டிய கார் தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ள அப்போது ஒரு மதிப்பெண் கணக்கு உண்டு. மாற்றாத சேஸிஸுக்கு 5. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர் வகையறா, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு 1. மொத்தம் 14ல் 8 எடுத்தால் போதும். சேஸிஸை வெட்டினாலோ நீட்டினாலோ அந்தப் பழைய அடையாளம் போய்விடும், வண்டியைத் தனியாகப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஹெரால்டு மாதிரி தனி சேஸிஸ் உள்ள காரில் பாடிக்கு மதிப்பெண்ணே கிடையாது.

அப்பா பட்டியலை இரண்டு முறை படிக்கச் சொன்னார். “அப்போ நான் பதிமூணு வருஷம் செஞ்ச வேலைக்கு மார்க்கே இல்லையா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் மறுநாளும் ஷெட்டுக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். அப்பா அவரை ‘தொரை’ என்பார். அவர் அப்பாவை ‘ஃபோர்மேன்’ என்பார். அப்பாவின் இங்கிலீஷ் முழுக்கப் பட்டறை இங்கிலீஷ். “கேப்”, “டைட்”, “லூஸ்”, “அலைன்மென்ட்”. அந்த ஷெட்டுக்கு அது தாராளமாகப் போதும். சென்னையில் நாலு கதவு ஹெரால்டும் செய்தோம் என்று அப்பா சொன்னதைத் தாத்தா நம்பவில்லை. இங்கிலாந்தில் அது வந்ததே இல்லை. தம்பியிடம் சொல்லி ஆல்பத்துப் படத்தை வாட்ஸ்அப்பில் வரவழைத்தோம். படத்தைப் பெரிதாக்கி, பின் கதவின் வளைவை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் தாத்தா.

இனி வேலைக்கு வருகிறேன். ஃபைபர் பாடி செய்வது கொலு பொம்மை செய்வது மாதிரிதான். முதலில் ஒரு மூல பொம்மை வேண்டும். இதைப் ‘பிளக்’ என்கிறார்கள். அதன் மேல் அச்சு எடுக்க வேண்டும். அச்சுக்குள்ளிருந்து எத்தனை பொம்மை வேண்டுமானாலும் எடுக்கலாம். பிள்ளையாரின் தும்பிக்கை அச்சில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு பாதியாக அச்சு எடுப்பார்கள் அல்லவா, அதேபோல மட்கார்டின் சுருட்டிய ஓரம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அச்சைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைக்க வேண்டும். மூல பொம்மையில் ஒரு கீறல் இருந்தால் எல்லாப் பொம்மையிலும் அந்தக் கீறல் இருக்கும். ஆகவே இரண்டு வருஷ வேலையில் முக்கால்வாசி பிளக்கிலேயே போனது.

பிளைவுட்டில் விலா எலும்பு மாதிரி வளைவுகளை வெட்டி, நடுவே ஃபோம் அடைத்து, மேலே பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள். கை வலிக்கும், மூக்கெல்லாம் தூசி. ஷிஃப்ட் இல்லாத நாட்களில் நானும் தேய்த்திருக்கிறேன். மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. ஷெட்டின் டியூப் லைட் அந்தப் பரப்பில் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். கோடு நெளிந்தால் அங்கே பள்ளம். அப்பா லைட்டைப் பார்க்கவே மாட்டார். கண்ணை மூடி உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, பென்சிலில் வட்டம் போடுவார். லைட்டும் அந்த வட்டத்துக்குள்தான் நெளியும்.

அழகான கார் வரைவது பெரிய விஷயமில்லை, என் மகன்கூட வரைவான். கீழே இருக்கும் பழைய சேஸிஸ் சொல்வதைக் கேட்கும்படி வரைவதுதான் கஷ்டம். 1930களின் கார் என்றால் நீளமாக இருக்க வேண்டும். ஹெரால்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 91.5 அங்குலம்தான். பலரும் ஆசைப்படும் 1950களின் எம்ஜி டிஎஃப் 94 அங்குலம். தாத்தாவுக்கு அந்த இரண்டரை அங்குலம் உறுத்திக்கொண்டே இருந்தது. சேஸிஸை நடுவில் வெட்டி நீட்டலாமா என்று ஒருநாள் சாக்பீஸால் கோடுகூடப் போட்டார். அப்பா அதைத் துணியால் துடைத்துவிட்டார். “பாடியத்தான் எடுத்துட்டீங்க. இதுலயும் கத்தி வைக்கக் கூடாது”. இதைத் தமிழில்தான் சொன்னார். மொழிபெயர்க்கும் வேலை எனக்கு இல்லாமல் போனது.

இரண்டு பேருமாக வேறு வழி கண்டுபிடித்தார்கள். ரேடியேட்டர் கிரில்லைக் கொஞ்சம் முன்னே தள்ளி, கண்ணாடியைப் பின்னே இழுத்து, உயரத்தையும் குறைத்தார்கள். பானெட் பார்வைக்கு நீண்டுவிட்டது. சேஸிஸ் ஒரு அங்குலம்கூட மாறவில்லை. என் கண்ணுக்கு வண்டி இன்னமும் கொஞ்சம் குட்டைதான், யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்தது முன் மட்கார்டு. ஹெரால்டின் பெருமை, அது திரும்பும் விதம். 25 அடிக்குள் ஒரு முழு வட்டம் அடித்துவிடும். லண்டன் டாக்ஸியின் கதையாக, சின்னத் தெருவிலும் ஒரே வெட்டில் திருப்பலாம். அதற்கு முன் சக்கரம் ரொம்பவே ஒடிந்து திரும்ப வேண்டும். தாத்தாவின் ஒல்லியான மட்கார்டு பார்க்க அவ்வளவு லட்சணம். அப்பா போய் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பச் சொன்னார். டயர் மட்கார்டில் போய் இடித்தது. ஸ்டீயரிங்குக்குக் கட்டை வைத்துக் குறைக்கலாம், பலர் அப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் திரும்பாத ஹெரால்டு என்ன ஹெரால்டு? மூன்று வாரத்து வேலையைச் சீவி எறிந்துவிட்டு மட்கார்டை அகலப்படுத்தினார்கள்.

பின் சக்கரம் வேறு மாதிரி வம்பு. ஹெரால்டின் பின்பக்க அமைப்பில், மேலே கனம் இல்லாவிட்டால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். சக்கரங்களின் மேல்பக்கம் வெளியே சாய்ந்து, கீழ்ப்பக்கம் உள்ளே ஒடுங்கி நிற்கும். கனம் ஏறினால்தான் நேராகும். பாடி இல்லாத சேஸிஸை அளந்து மட்கார்டு செய்தால், ஆள் உட்கார்ந்ததும் எல்லா அளவும் தப்பாகிவிடும். இரண்டு ஆள், ஒரு பாடி, ஒரு டேங்க் பெட்ரோல் கனத்துக்கு என்ன செய்வது? எங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டைகள் ஐந்து போயின. மீதிக்குத் தாத்தாவின் தோட்டத்துக் கல். ஃபைபர் பாடி இரும்பைவிட லேசு என்பதால் கடைசியில் பின் ஸ்பிரிங்கையும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது. அந்த அரிசியை அப்புறம் நாங்கள்தான் சாப்பிட்டோம். பெட்ரோல் வாசனை வருகிறது என்று என் கணவர் மட்டும் கடைசி மூட்டைவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் அச்சு எடுத்தார்கள். ரெசின் இறுக வெதுவெதுப்பு வேண்டும், இங்கே அதற்கு ஆகஸ்டை விட்டால் ஆளில்லை. பிளக் மேல் மெழுகு பல கோட், பிறகு ஜெல்கோட், அதன் மேல் கண்ணாடி நார் பாய் ஒட்டி ரெசின் தடவி, உருளையால் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். நம் கடற்கரையில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்டமான வாசனை தெரியும். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் நேர்ப் பரப்பாக நினைக்கும் இடத்தையும் லேசாகப் புடைக்க வைத்துச் செய்ய வேண்டும். தட்டையாகச் செய்தால் குழி விழுந்த மாதிரி தெரியும்.

கதவில்தான் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. ஃபைபர் கார்களில் கதவைச் சுற்றி விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் யாரும் கேட்பதில்லை என்றார் தாத்தா. அப்பா கேட்டார். பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் இரண்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, “இவ்ளோதான் கேப்” என்றார். ஃபைபரில் நேராகக் கீல் மாட்டினால் நாளடைவில் கதவு தொங்கிவிடும். அதற்காக ஒரு இரும்புச் சட்டம் செய்து, ஹெரால்டின் பழைய பாடி உட்கார்ந்திருந்த அதே போல்ட் துளைகளில் முடுக்கி, அந்தச் சட்டத்தில் கதவைத் தொங்கவிட்டார். பஸ் பட்டறையில் கற்றது. வலது கதவுக்கு ஒன்பது நாள் ஆனது. இடதுக்கு நாலு நாள். அந்தப் பதின்மூன்று நாளும் அவர் டிவி பக்கமே போகவில்லை. அம்மா போட்டோ முன்னால் விளக்கு ஏற்றும்போதுகூட முணுமுணுப்பு கீலைப் பற்றியே இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிட் கார் ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை. முழு காருக்கு உண்டான விற்பனை வரி, பாகங்களாக வாங்கினால் கிடையாது. லோட்டஸ் செவன் அப்படித்தான் விற்றது. சேர்த்து மாட்டும் குறிப்பு கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததால், கழற்றும் குறிப்பைக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. 1973ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அமெரிக்காவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் ஃபைபர் படகு செய்த அனுபவத்தில் 1964ல் வோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு ‘மேயர்ஸ் மேங்ஸ்’ பாடி செய்தார். எல்லோரும் அதன் மேலேயே அச்சு எடுத்துக் காப்பி அடித்தார்கள். கோர்ட்டுக்குப் போயும் அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. தாத்தாவிடம் இதைச் சொன்னேன். “என்னுடையதைக் காப்பி அடிக்க யாராவது வந்தால் டீ போட்டுக் கொடுப்பேன்” என்றார்.

அக்டோபரில் அப்பா கிளம்பினார். அதற்குள் அச்சுகள் தயார், கதவுச் சட்டங்கள் தயார், பாடி மட்டும் பாக்கி. குளிர் வந்துவிட்டதால் அடுத்த வசந்தம்வரை ரெசினைத் தொட முடியவில்லை.

சுவரோரம் சாத்தியிருந்த பழைய பாடி என்ன ஆயிற்று என்று அப்பா போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். பானெட்டும் கூரையும் வேறொரு ஹெரால்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் போயின. கதவு இரண்டும் இன்னொருவருக்கு. மட்கிப் போனது மட்டும்தான் காயலான் கடைக்கு. ஹெரால்டு 1971ல் நின்றுபோன கார், இன்று நல்ல கதவுக்கு ஆட்கள் அலைகிறார்கள். இதைச் சொன்னதும், “கதவு போச்சா? சரி, சரி” என்றார். குரல் இளகியிருந்தது.

அதனாலேயே தாத்தா ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். பாடி வேண்டும் என்று கேட்பவர் முதலில் தன் ஹெரால்டின் போட்டோவை அனுப்ப வேண்டும். காப்பாற்றக்கூடிய கார் என்றால் பாடி தர மாட்டார், வெல்டிங் செய்யும் ஆளின் விலாசம் கொடுத்து அனுப்பிவிடுவார். இதில் வியாபாரம் எப்படி நடக்கும்? இதுவரை இரண்டு பேருக்குத்தான் கொடுத்திருக்கிறார். ரெசின் காசுகூட வந்திருக்காது என்பது என் கணக்கு.

முதல் பாடி 2018 மே மாதம் அச்சிலிருந்து வந்தது. பிளாஸ்டிக் ஆப்பு செருகி, இடுக்கில் தண்ணீர் விட்டுத் தட்டத் தட்ட, பட்டென்று ஒரு சத்தத்தோடு கழன்றது. கிளிப்பச்சை நிறம், தாத்தாவின் மனைவி தேர்ந்தெடுத்தது. சேஸிஸ் மேல் உட்கார வைத்து, போல்ட் முடுக்கி, கதவு மாட்டி முடிக்க ஜூலை ஆனது. பதிவு அலுவலகத்துக்கு எழுதினோம். 14க்கு 14. சான்றிதழில் பழைய நம்பர் அப்படியே இருந்தது. தயாரிப்பு என்ற இடத்தில் ‘டிரையம்ப்’. பாடி வகை மட்டும் மாறியிருந்தது.

அன்றைக்கு வீடியோ காலில் அப்பாவைப் பிடித்தோம். தாம்பரத்தில் ராத்திரி பதினோரு மணி, தம்பி ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் வண்டியைச் சுற்றிக் காட்டினேன். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “கதவத் தொறந்து மூடு” என்றார். மூடினேன். “ஃபோனக் கிட்ட வச்சு மூடும்மா.” மறுபடி மூடினேன். “தொரைய மூடச் சொல்லு.” அவரும் மூடினார்.

“எடது கதவு, கீழ் மூலை. அரை மில்லி ஜாஸ்தியா இருக்கு பாரு” என்றார் அப்பா.

தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பையைத் தடவி, அப்பா விட்டுப்போன இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து இடுக்கில் செருகிப் பார்த்தார். பிறகு ஷெட்டுக்குள் போய் ஸ்பேனரை எடுத்து வந்தார்.